மோட்டார் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தல்

நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கப்படும் மல்லிகை, உரிய நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை அடையாவிடில் மொட்டு விரிந்து விலை இறங்கிவிடுகிறது. செல்லூரில் நெய்து மடித்த துண்டுக் கட்டுகளும் சொன்ன நாளில் கடைக்குப் போய்ச் சேரவேண்டியவையே. இவற்றுக்கெல்லாம் வாடகை வண்டியையும் கூலி ஓட்டுநரையும் எதிர்பார்த்து நிற்கும் அங்கத்தினர் பலர், குட்டியானை என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியொன்றை வாங்கித் தாமே ஓட்டினால் என்ன என்று எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆயினும் நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக ஸ்டீயரிங்கைப் பிடிப்போருக்கு உள்ளங்கை வேர்ப்பது இயல்பு. கையிருப்பும் அளவானது. இத்தகையோர் தமக்கு ஏற்ற ஆசிரியரை எவ்வாறு தெரிந்துகொள்வது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார், பூ விற்ற பணத்தில் சேமித்ததைக் கொண்டு ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். கட்டணம் முழுவதையும் முதல் நாளே செலுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஜனங்கள் விரையும் வேளையில், அவரை ஏ.வி. பாலத்தின்மேல் ஓட்டச் செய்தனர். 1889-ஆம் ஆண்டிலிருந்து வைகையின் இரு கரைகளையும் இணைத்துவரும் அப்பாலத்தின் நெரிசலை மதுரைவாசிகள் அறிவர். நடுப்பாலத்தில் வண்டி அணைந்துபோயிற்று. பின்னால் ஹாரன் ஒலி. பக்கத்தில் ஆசிரியரின் வசவு. அம்மையார் மறுநாள் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. இன்றும் அவர் தம் பூக்கூடைகளை ஏற்றுவதற்கு வாடகை வண்டிக்கே காத்திருக்கிறார். அவருக்கு ஓட்டும் திறமை இல்லை என்று நாம் கருதவில்லை. மூன்றாம் நாளில் செல்லத்தகாத இடத்துக்கு அவரை அழைத்துச் சென்றதே பிழை.

வண்டி ஏன் அணைகிறது என்பதை அறிந்தால் அச்சத்தில் பாதி அகலும். எஞ்சின் எப்பொழுதும் சுழன்றுகொண்டிருக்கும். நிற்கும் வண்டியின் சக்கரமோ அசையாது. இவ்விரண்டையும் சிறிது சிறிதாக இணைப்பது கிளச்சின் வேலை. மிதியை மெல்ல விடுவித்தால் தகடுகள் உரசி உரசிப் பற்றிக்கொண்டு வண்டி நகரும். சட்டென்று விட்டாலோ வண்டியின் பாரம் முழுவதும் ஒரே கணத்தில் எஞ்சின்மேல் விழ, அது நின்றுவிடும். குழித்தறியில் அமர்ந்து, கை நாடாவை வீச, கால் மிதிகட்டையை மாற்றி மாற்றி அழுத்தப் பழகிய நெசவாளருக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. கைக்கும் காலுக்கும் உள்ள இசைவை அவருடைய உடம்பு முன்னமே அறியும். தறியைப் பழகிய முதல் மாதத்தில் எத்தனை இழை அறுந்தது என்பதை அவர் நினைவுகூர்ந்தால் போதும்.

பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் பிரேக், கிளச்சு மிதிகள் உண்டு. அவசரத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்த ஆசிரியருக்கு இயலவேண்டும் என்பதற்காக, பயிற்சிப் பள்ளியின் கார்களில் இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அஞ்சுவோருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் இதிலேயே ஒரு சூழ்ச்சிக்கும் இடமுண்டு. சில ஆசிரியர்கள் தம் கிளச்சு மிதியிலிருந்து காலை எடுப்பதே இல்லை. மாணாக்கர் ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டு, தாமே ஓட்டுவதாக மகிழ்ந்துபோவார். பதினைந்து நாள் கழித்து வேறு வண்டியில் ஏறியதும் அது நகர மறுக்கும். ஆகவே நாலைந்து நாட்களுக்குப் பின், "ஐயா, உங்கள் காலைச் சற்று விலக்கி வையுங்கள், அணைந்தால் அணையட்டும்" என்று கேட்கத் தயங்கவேண்டாம். அதற்கு இசைந்து, ஆளில்லாத சாலையில் பத்து முறை அணைந்தாலும் குரல் உயர்த்தாதவரே அச்சமுள்ளோருக்கு ஏற்ற ஆசிரியர்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் பயிற்சி 21 நாட்களுக்குக் குறையாமலும், அதில் நேரடியாக வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒரு பள்ளி ரூ. 4,500 கேட்பதாகவும் மற்றொன்று ரூ. 6,000 கேட்பதாகவும் கொள்வோம். முதலாவது மலிவு என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரே வண்டியில் மூவர் ஏறி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 நிமிஷம் வீதம் 15 நாள் கிடைக்கிறதெனில், மொத்தம் 5 மணி நேரமே, மணிக்கு ரூ. 900 ஆகிறது. இரண்டாவது பள்ளி முழுப் பத்து மணி தருமாயின் மணிக்கு ரூ. 600-தான். நூல் வாங்கும்போது சிட்டத்தின் விலையை மட்டும் கேட்டு எடையைக் கேளாமல் வருவோர் நம்மில் உண்டோ? ஓட்டிய நேரத்தை மாணாக்கர்தோறும் நாள்வாரியாகப் பதிவேட்டில் எழுதிவரவேண்டும் என்பதும் விதியே. அப்பதிவேட்டைக் காட்டும்படி கேட்கலாம். பழகுநர் உரிமத்துக்கும் ஓட்டுநர் தேர்வுக்கும் அரசு பெறும் கட்டணம் வேறு, பள்ளிக் கட்டணம் வேறு. இரண்டையும் பிரித்து எழுதி வாங்குவது நலம். பணத்தை இரண்டு மூன்று தவணையாகச் செலுத்த இசையும் பள்ளியையே நாடுக. ஒரு நாள் உடனிருந்து பார்த்த பிறகு சேரலாமா என்றும், ஆசிரியர் ஒத்துவராவிடில் மாற்றித் தருவார்களா என்றும் முன்னதாகவே கேட்டுக்கொள்க.

நேரில் சென்று பார்ப்பதற்கு ஈடில்லை. பள்ளியின் உரிமம் அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டப்பட்டுள்ளதா, வண்டியில் பள்ளியின் பெயரும் முகவரியும் எழுதியிருக்கின்றனவா என்று நோக்குக. பிறகு, வெளியே வரும் மாணாக்கர் ஒருவரை நிறுத்தி, "முதல் வாரம் எங்கே ஓட்டினீர்கள்?" என்று மட்டும் வினவுக. ஊருக்கு வெளியே ஓய்ந்த சாலை என்றால் நன்று. மாசி வீதி, சிம்மக்கல், கோரிப்பாளையம் என்றால் யோசிக்கவேண்டும். திருமங்கலம் வழிச் செல்லும் நான்கு வழிச்சாலையும் முதல் வாரத்துக்கு ஆகாது. அங்கே இடைவெளியில் திரும்பும் லாரியையும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளையும் ஒருங்கே கவனிக்கும் பழக்கம் பிறகே வரும்.

பணம் குறைந்தவர்கள், பள்ளியில் அடிப்படையைக் கற்றபின், உரிமமுள்ள மைத்துனரையோ அண்ணனையோ பக்கத்தில் அமர்த்திப் பழகலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து முன்னும் பின்னும் இருத்தல்வேண்டும். முதலிலிருந்தே உறவினரிடம் கற்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. சொந்த வண்டியில் அவர் காலடியில் பிரேக் கிடையாது, உறவும் கெட்டுப்போகும்.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அது பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லமுடியும். ஆதலால் அவசரப்படுத்தும் தரகருக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. கார் உரிமம் பெற்றவர் சிறு சரக்கு வண்டியை ஓட்டலாமா என்று சிலர் கேட்டுள்ளனர். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாயின் இலகு ரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை உறுதி செய்தது. குட்டியானை வகை வண்டிகள் இவ்வரம்புக்குள் அடங்குவனவே. ஆயினும் வெற்று வண்டியில் பழகிய கைக்குச் சுமையேற்றிய வண்டி வேறாகத் தோன்றும். பிரேக் போட்டபின் நிற்கும் தூரமும் நீளும். முதல் சில நாட்கள் பாதிச் சுமையோடு, பழகிய ஓட்டுநர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வருக.