போகாத ஊருக்கு ஒரு பிரியாவிடை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் சிதறிக் கிடக்கிறது ஆர்க்னி தீவுக்கூட்டம். சுமார் 70 தீவுகள். ஆள் வசிப்பது இருபது சொச்சத்தில்தான். மரங்கள் அபூர்வம், காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஹோய் என்ற தீவில், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் ராக்விக் விரிகுடாவுக்கு 1970களின் தொடக்கத்தில் குடிவந்தார் இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ்.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1934-ல் பிறந்தவர். கிளாசிக்கல் இசையுலகின் கலகக்காரர் என்று அப்போதே பெயர் எடுத்திருந்தார். மனநிலை பிறழ்ந்த மன்னனைப் பற்றி 1969-ல் அவர் உருவாக்கிய படைப்பில், பாடகர் அலறுவார், ஊளையிடுவார், ஒரு கட்டத்தில் வாத்தியக்காரரின் வயலினைப் பிடுங்கி உடைத்தே விடுவார்!

அப்படிப்பட்டவரின் இசைக்குள் தீவின் கடலும் காற்றும் மெல்ல மெல்லக் குடியேறின. ஊர்க்காரர்களோடும் ஒட்டிக்கொண்டார். 1977-ல் உள்ளூர்க் கவிஞர் ஜார்ஜ் மக்கே பிரவுன் உள்ளிட்டோருடன் சேர்ந்து செயின்ட் மேக்னஸ் இசைவிழாவைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் பாடி நடிப்பதற்கென்றே இசை நாடகம் எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் வந்தது யுரேனியம் பேச்சு. ஸ்ட்ரோம்னஸ் என்ற சிறு துறைமுக ஊருக்கு அருகே பூமிக்கடியில் யுரேனியம் இருக்கிறது, சுரங்கம் தோண்டலாம் என்றார்கள். மீன்பிடிப்பும் கால்நடையுமாக வாழ்ந்த தீவு மக்கள் கொதித்துப்போனார்கள். மண்ணும் தண்ணீரும் நஞ்சானால் எங்கே போவது?

டேவிஸ் மேடைப்பேச்சில் இறங்கவில்லை. 1980 இசைவிழாவில், பாட்டும் வசனமும் கலந்த ஒரு நிகழ்ச்சியாகவே எதிர்ப்பைக் காட்டினார். பியானோவில் உட்கார்ந்ததும் அவர்தான். அதன் நடுவே பியானோ மட்டும் ஒலிக்கும் ஒரு சிறு பகுதி வரும். பெயர் ‘ஃபேர்வெல் டு ஸ்ட்ரோம்னஸ்’ – ஸ்ட்ரோம்னஸுக்குப் பிரியாவிடை. ஊரைக் காலி செய்துகொண்டு மக்கள் நடந்துபோவதாகக் கற்பனை. கோபமே இல்லாத மெட்டு. அதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

சுரங்கம் வரவில்லை. ஒரு பாட்டு அதைத் தடுத்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முழுப் பெருமையும் ஊர்கூடி எதிர்த்த தீவு மக்களுக்குத்தான் சேர வேண்டும். திட்டம் மறைந்தது, மெட்டு நிலைத்தது. 2005-ல் இளவரசர் சார்லஸ் - கமிலா திருமணத்துக்கான ஆசி வழிபாட்டிலும் இது ஒலித்தது. கலகக்காரர் அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டிஷ் அரசியின் அதிகாரபூர்வ இசைஞராகியிருந்தார் என்பது தனி வேடிக்கை!

பிற்காலத்தில் அவர் ஆர்க்னியின் இன்னொரு தீவான சாண்டேவுக்கு மாறினார். 2016-ல் காலமானதும் அங்கேதான்.

‘பிரியாவிடை’ ஐந்து நிமிடம்கூட நீளாது. பியானோ படிக்கும் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். கேட்கும்போது இடது கை வாசிப்பைக் கவனியுங்கள். ஒரே சீராக, அவசரமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக நடக்கும் காலடிகள் கேட்கும்.