டைட்டிலில் இடம்பெறாத பெயர்

பொட்டிபுரத்திலிருந்து தேவாரம் தாண்டித் தெற்கே போனால் பண்ணைப்புரம். வழிநெடுக மேற்கில் மலை கூடவே வரும். விடியுமுன்பே ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைமெட்டு ஏறுகின்றன. பொழுது சாயும் முன் இறக்கிவிடுகின்றன. கூலியும் மலைதான், சோறும் மலைதான். இந்த அடிவாரத்து மண்ணில்தான் தமிழ் இசையின் மிகப் பெரிய குழு ஒன்று உருவானது. அதன் பெயர் பாவலர் பிரதர்ஸ். இன்று இளையராஜாவைத் தெரியாத வீடு கிடையாது. அவர் எந்தக் குழுவிலிருந்து வந்தார் என்று கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இளையராஜாவின் தந்தை ராமசாமி, தோட்டக் கங்காணியாக இருந்தவர். அவருடைய மூத்த தாரத்து மகன் வரதராஜன். இளைய தாரம் சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள் பாஸ்கர், 1943-ல் பிறந்த ராசய்யா (பின்னாளில் இளையராஜா), கடைக்குட்டி அமர்சிங். வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். அவரே பாட்டுக் கட்டுவார், அவரே ஆர்மோனியம் வாசிப்பார், அவரே பாடுவார். 'பாவலர்' என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய உத்தி எளிமையானது, அசாத்தியமானது. டூரிங் டாக்கீஸில் ஜனங்கள் கேட்டுப் பழகிய சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலி, நிலம், வட்டி, ஓட்டு என்று அவர்களுடைய பாட்டைப் போட்டு நிரப்புவார். மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் இரண்டாவது தடவை பல்லவி வரும்போது கூட்டமே சேர்ந்து பாடும். இரண்டு மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டிய அரசியலை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுவார். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு ஒன்று அந்தக் காலத்துத் தேர்தல் மேடைகளில் ஏகப் பிரபலம்.

அந்தப் பாட்டுகளின் பலம் முழுமையாகத் தெரிந்த இடம் மலைக்கு மேலே, தேவிகுளம். 1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அங்கே வென்றது செல்லாது என்று தீர்ப்பாக, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. 126 பேர் கொண்ட கேரளச் சட்டசபையில் இ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசுக்கு இருந்தது மெல்லிய பெரும்பான்மை. வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத் தமிழர்கள். மலையாள மேடைப்பேச்சு எட்டாத தொழிலாளர் லயங்களுக்குள் பாவலரின் தமிழ்ப் பாட்டு போனது. ரோசம்மா மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்று தோழர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ராசய்யா மேடையேறியதும் அந்த நாட்களில்தான். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போன நேரத்தில், துணைக்குத் தம்பியைக் கூட்டிப்போகச் சொல்லி அனுப்பியவர் அம்மா. குரல் உடையாத வயது. பையன் பெண் குரலில் பாடுவான், கைதட்டல் பறக்கும். வயது ஏறிக் குரல் கரகரத்ததும் கைதட்டிய அதே கூட்டம் சிரித்தது. அன்றைக்கு ராசய்யாவின் கை ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. அண்ணன் இல்லாத நேரத்தில் அதைத் தொட்டு அடி வாங்கியதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மெட்டைக் கேட்டதும் வாசிப்பதும், அதில் அந்த நிமிடமே வேறு சொல்லைப் பொருத்துவதும் அவருக்கு ஊர் ஊராகப் போன அந்தப் பத்தாண்டு மேடை தந்த படிப்பு. மேற்கத்திய இசையைத் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது பிறகுதான்.

அறுபதுகளின் கடைசியில் தம்பிகள் மூவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று அம்மா பணம் கொடுத்தார். சென்னையில் ஒண்ட இடம் கொடுத்தவர் அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜா. நாடகங்களுக்கு இசை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை என்று ஆண்டுகள் ஓடின. 1976-ல் கதாசிரியர் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' பட வாய்ப்பைக் கொடுத்தார். டைட்டிலில் என்ன பெயர் போடலாம் என்று அவர் கேட்டபோது, ராசய்யா சொன்ன பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'. அது பழைய பாணியாக இருக்கிறது என்றார் பஞ்சு. ராஜா என்ற பெயரில் பாடகர் ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால், இவர் இளையராஜா ஆனார்.

என் பார்வையில் குழு பிரிந்தது அந்த நிமிடத்தில்தான். யாரும் சண்டை போடவில்லை. திரையில் நான்கு பேரின் பெயர் ஒருவரின் பெயராகச் சுருங்கியது, அவ்வளவே. படம் வருவதைப் பார்க்க வரதராஜன் உயிரோடு இல்லை.

பிரிந்த இன்னொரு குழுவான ஸ்வீடனின் 'அபா'வின் கதை வேறு விதம். 1974-ல் யூரோவிஷன் போட்டியில் வென்று உலகைப் பிடித்த நால்வர் அவர்கள், இரண்டு தம்பதிகள். இரண்டு திருமணங்களும் முறிந்த பிறகும் ஒரே ஸ்டூடியோவில் நின்று பாடினார்கள். 1982-ன் கடைசியில் நின்றுபோனார்கள். பிரிந்துவிட்டோம் என்று முறையாக அறிவிக்கவே இல்லை. கணவன் மனைவி உறவுக்கு விவாகரத்து என்று ஒரு முடிவாவது உண்டு. உடன்பிறந்தவனுக்கு அது கிடையாது. பேச்சு நின்றாலும் தம்பி தம்பிதான்.

சென்னையிலும் தம்பிகள் அண்ணனோடுதான் இருந்தார்கள். அமர்சிங், கங்கை அமரன் ஆனார். '16 வயதினிலே' படத்துக்கு அவர் எழுதிய பாட்டுக்காக எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். 1982-ல் 'வாழ்வே மாயம்' அவர் இசை. 1989-ல் அவர் இயக்கிய 'கரகாட்டக்காரன்', ராஜாவின் இசையோடு ஓராண்டைத் தாண்டி ஓடியது. பாஸ்கர், பாவலர் கிரியேஷன்ஸ் பெயரில் 'அலைகள் ஓய்வதில்லை' தயாரித்தார். அண்ணன் பெயர் அப்படியாவது திரைக்கு வந்ததில் எனக்கு நிறைவு. பாஸ்கரும் இன்று இல்லை.

பிறகு ராஜாவும் அமரனும் பேசிக்கொள்ளாத ஆண்டுகள் வந்தன, பத்தாண்டுக்கும் மேல். 2022 பிப்ரவரியில் தம்பி அண்ணனைப் பார்க்கப் போனார். அந்தச் சந்திப்பின் புகைப்படத்தை அமரனின் மகன் வெங்கட் பிரபு வெளியிட்டபோது, பண்ணைப்புரத்தைப் பார்த்தே இராதவர்களும் சந்தோஷப்பட்டார்கள். அபா நால்வரும் நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு புது ஆல்பம் வெளியிட்டது அதற்குச் சில மாதம் முன்பு, 2021 நவம்பரில்.

அபாவின் ஒவ்வொரு பாட்டும் ஒலிப்பதிவாக இருக்கிறது. ராஜாவின் பாட்டுகளும் அப்படியே. பாவலரின் பாட்டு மேடையில் பிறந்தது. அவர் சொல்லை நிறுத்திய இடம், இழுத்த இடம், கூட்டம் சேர்ந்துகொண்ட இடம் எல்லாம் கேட்டவர்களின் நினைவில்தான் தங்கியிருக்கின்றன. அச்சில் வந்த வரிகள் மட்டும் அதைத் தராது. தேவாரம், கோம்பை, போடி, மலைக்கு மேலே பூப்பாறை, தேவிகுளம் பக்கம் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களை ஒருமுறை பாடச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். ஊர் பெயர், கேட்ட வருடம், எந்தக் கூட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வேலையை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போட முடியாது.