ஒருவரிடமிருந்து ஒருவருக்கு: புதிய வைரஸ் பரவுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ், கீபோர்டு ஆகிய சொற்களுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் சொல் 'வைரஸ்'. இதில் இரண்டு வகை உண்டு. பாதிக்கப்பட்ட ஃபைலை நீங்களே திறந்தால்தான் சிலவகை வைரஸ்கள் உள்ளே வரும். 2003 ஆகஸ்டில் உலகையே ஆட்டிய 'பிளாஸ்டர்' அப்படியல்ல. நெட்டில் இணைந்திருந்தாலே போதும், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவிவிடும். இந்த வகைக்கு 'வோர்ம்' என்று பெயர்.

மனிதர்களைத் தாக்கும் வைரஸிலும் இதே வேறுபாடு உண்டு. கோழியிடமிருந்தோ வௌவாலிடமிருந்தோ ஒருவருக்கு வந்து அவரோடு நின்றுவிட்டால் ஆபத்து குறைவு. அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ ஆரம்பித்தால் அது 'வோர்ம்' ஆகிவிட்டது என்று பொருள். எனவே புதிய வைரஸ் எது தோன்றினாலும் சுகாதாரத் துறை முதலில் கேட்கும் கேள்வி, 'இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதா?' என்பதுதான். விடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நம் ஊரில் தொடங்கிய தபால் அட்டை

எல்லாவற்றுக்கும் முதலில் தேவை டேட்டா. எங்கே யாருக்கு என்ன காய்ச்சல் என்று தெரியாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. இதற்கான முன்னோடித் திட்டம் ஒன்று எங்கள் பகுதியிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

திருப்பத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைராலஜி பேராசிரியர் டி.ஜேக்கப் ஜானும் அவரது குழுவினரும் 'நதி' என்ற நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை நடத்தினார்கள். வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே இந்தப் பெயர். அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதமில்லாமல் எல்லோரிடமும் அச்சடித்த தபால் அட்டைகள் கொடுக்கப்பட்டன. பட்டியலில் உள்ள நோய் வந்தால் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதாமாதம் செய்தி மடலாக அதே டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 50 லட்சம் பேர் வசித்த ஒரு மாவட்டத்தில் நடந்த இந்த முறை பற்றி 1998ல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

அன்று தபால் அட்டை செய்த வேலையை இன்று சாஃப்ட்வேர் செய்கிறது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் தொடங்கியது. இதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறியை மட்டும் எழுதுவார், டாக்டர் தன் சந்தேகத்தை எழுதுவார், லேப் பரிசோதனை முடிவை எழுதும். முதலில் வாரம் ஒருமுறை வந்த இந்தத் தகவல், 2021 ஏப்ரலில் புதிய ஆன்லைன் தளம் வந்தபிறகு உடனுக்குடன் பதிவாகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

டேட்டா வந்தபிறகு என்ன செய்வார்கள்? எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். ஒரு கற்பனை உதாரணம்: ஆம்பூரில் ஒரு கல்யாணம். அடுத்த சில நாட்களில் 12 பேருக்கு உடம்பு சரியில்லை.

1. முதல் வரிசையில் தலைப்புகள் இடுங்கள்: எண், வயது, தெரு, அறிகுறி தொடங்கிய தேதி, யாரோடு பழகினார்.

2. ஒரு நபருக்கு ஒரு வரிசை வீதம் நிரப்புங்கள். சுகாதாரத் துறையினர் இதை 'லைன் லிஸ்ட்' என்பார்கள்.

3. டேட்டா மெனுவில் 'ஸார்ட்' கொடுத்து, தேதி வாரியாக அடுக்குங்கள்.

4. ஒவ்வொரு தேதியிலும் எத்தனை பேர் என்று எண்ணி, பார் கிராஃப் போடுங்கள்.

12 பேருக்கும் மறுநாளே ஆரம்பித்திருந்தால் கிராஃபில் ஒரே ஒரு கோபுரம் எழும். எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது என்று அர்த்தம், பிரியாணியைச் சந்தேகிக்கலாம்! மாறாக, முதல் நாள் ஒருவர், பத்து நாள் கழித்து மூவர், மேலும் பத்து நாள் கழித்து எட்டுப் பேர் என்று படிப்படியாக ஏறினால்? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியிருக்க வாய்ப்பு அதிகம். 'யாரோடு பழகினார்' என்ற கடைசித் தலைப்பைப் பார்த்தால் சங்கிலி தெரிந்துவிடும்.

கோழிக்கோடு சொன்ன பாடம்

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தில் நடந்தது இதுதான். பேராம்பிராவைச் சேர்ந்த ஒரு இளைஞர் மே முதல் வாரத்தில் இறந்தார். அடுத்து அவர் வீட்டிலேயே மற்றவர்களுக்கும் நோய். மணிப்பால் மற்றும் புனே ஆய்வுக்கூடங்கள் அது நிபா வைரஸ் என்று உறுதி செய்தன. வைரஸ் வௌவாலிலிருந்து வருவது. ஆனால் அடுத்தடுத்து நோயுற்றவர்கள் எல்லோரும் வௌவாலிடமிருந்தா பெற்றார்கள்?

லைன் லிஸ்ட் போட்டார்கள். பெரும்பாலோர் அந்த இளைஞர் சிகிச்சை பெற்ற இரண்டு மருத்துவமனைகளில் அதே நேரத்தில் இருந்தவர்கள். அவருக்குப் பணிவிடை செய்த ஒரு நர்ஸும் அதில் அடக்கம். சராசரியாக ஒன்பது, பத்து நாள் இடைவெளி. விடை தெளிவானது: மனிதரிடமிருந்து மனிதருக்கு. உடனே நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிப் பட்டியலிட்டுத் தினமும் விசாரித்தார்கள். 17 பேர் இறந்தாலும் சங்கிலி அறுந்தது. 2019ல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது, அவரோடு பழகியவர்களில் ஒருவருக்கும் பரவவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. வைரஸின் மரபுக் குறியீடு நான்கே எழுத்துகளால் ஆனது. நிபாவுக்குச் சுமார் 18,000 எழுத்துகள். நோட்பேடில் சேமித்தால் 18 கேபி தான், பழைய ஃபிளாப்பி ஒன்றில் ஏறக்குறைய 80 வைரஸ் அடங்கும்! இரண்டு நோயாளிகளின் ஃபைல்களை வரிக்கு வரி ஒப்பிட்டால், வித்தியாசம் மிகக் குறைவாக இருப்பவை ஒரே சங்கிலியைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

'ஆர்' என்ற எண்

பரவுகிறது என்று தெரிந்த பிறகு, எவ்வளவு வேகம்? ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தருகிறார் என்பதே 'ஆர்' எண். 1க்குக் கீழே இருந்தால் சங்கிலி தானே ஓயும். நிபா பொதுவாக இப்படித்தான். 2 என்றால் 1, 2, 4, 8 என்று போய் பத்தாவது படியில் 512 புதிய நோயாளிகள். தொடக்கத்தில் கொரோனாவின் எண் 2க்கும் மேல். அது மனிதருக்கு மனிதர் பரவுகிறது என்று சீனா பகிரங்கமாகச் சொன்னது 2020 ஜனவரி 20 அன்று. பத்தே நாளில், ஜனவரி 30ல், இந்தியாவின் முதல் நோயாளி கேரளாவில் உறுதியானார். ஒரு வாரத் தாமதத்தின் விலை என்ன என்பதை அந்த ஆண்டு எல்லோரும் பார்த்தோம்.

விடுபட்ட ஒரு வரிசை

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பத்தூரில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் அடுத்தடுத்து காய்ச்சல். என் தங்கைக்கும் வந்தது. ஒரு சிறிய கிளினிக்கில் டெங்கு என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், குணமானாள். பிறகு நான் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த மூன்றில் ஒன்றுகூட சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்படவில்லை. கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போனதன் காரணம் அப்போது புரிந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எங்கள் தெருவில் காய்ச்சலே இல்லை!

புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது புதிதல்ல. எவ்வளவு நல்ல சாஃப்ட்வேராக இருந்தாலும், என்டர் செய்யாத டேட்டாவை அது பார்க்காது. அடுத்தமுறை உங்கள் வீட்டில் டெங்கு போன்ற காய்ச்சல் உறுதியானால், "சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டீர்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெருவில் பலருக்கு ஒரே மாதிரி காய்ச்சல் என்றால் 104 எண்ணுக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நீங்களே தெரிவிக்கலாம். அன்று ஒரு தபால் அட்டை செய்த வேலை, இன்று உங்கள் ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும்.