மூடி போட்ட எண்ணெய்ச் சட்டி

ஜப்பானில் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் 24-ஆம் தேதி மாலை அலுவலகம் விட்டு வருகிறவர்கள் கேஎஃப்சி கடை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். வாசலில் இருக்கும், கேஎஃப்சியை நிறுவிய கர்னல் சாண்டர்ஸின் ஆளுயரச் சிலைக்குச் சிவப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கியிருப்பார்கள். வெள்ளைத் தாடி ஏற்கெனவே இருப்பதால் பெரிய செலவில்லை. விருந்தாளிகள் வரும் வீட்டில் அன்றிரவு மேசை நடுவே வைப்பது வான்கோழியும் இல்லை, வாத்தும் இல்லை. கடையிலிருந்து வாளியில் வந்த பொரித்த கோழி.

இதை விளம்பரத்தின் வெற்றிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் கேஎஃப்சி ஒரு கடை போட்டுப் பார்த்தது. அதே ஆண்டு நகோயாவில் முதல் நிரந்தரக் கடை திறந்தது. அதன் மேலாளர் தகேஷி ஒகாவாரா பிற்காலத்தில் நிறுவனத்தின் ஜப்பான் தலைவரே ஆனார். வான்கோழி கிடைக்காமல் ஏங்கிய வெளிநாட்டுக்காரர்கள் பொரித்த கோழியால் மனத்தைத் தேற்றிக்கொண்டதைக் கேட்டு யோசனை பிறந்தது என்று ஒரு கதை; ஒரு பள்ளியின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்குக் கோழி கொண்டுபோனதிலிருந்து தொடங்கியது என்று இன்னொரு கதை. எது எப்படியோ, 1974-இல் ‘கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி’ என்ற விளம்பரம் நாடு முழுக்கப் போனது.

விளம்பரம் ஒரு வீட்டாரை ஒரு வருடம் வாங்க வைக்கும். அதே வீட்டாரை ஐம்பது வருடம் வாங்க வைக்க வேண்டுமானால் பொருள் வேலை செய்ய வேண்டும். ஒரே இரவில் ஊருக்கே பொரித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கோழி காயக் கூடாது. இந்த இரண்டையும் செய்து காட்டியது கடையின் பின்கட்டில் நிற்கும் ஒரு யந்திரம். அழுத்தப் பொரிப்பான், கடைக்காரர்கள் வாயில் பிரஷர் ஃபிரையர். எல்லோரும் விளம்பரத்தைப் பாராட்டுகிறார்கள். யந்திரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

முதலில், ஏன் வான்கோழி இல்லை? ஆறு கிலோ வான்கோழியை முழுசாகச் சுட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாமிசத்துக்குள் வெப்பம் மெதுவாகத்தான் ஊர்ந்து போகும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி வேக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் என்பது தோராயக் கணக்கு. தொடை பதமாவதற்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுவது இங்கிலாந்து, அமெரிக்க வீடுகளின் வருடாந்திரப் புலம்பல். ஜப்பானியச் சமையலறையில் அந்தப் புலம்பலுக்கே இடமில்லை. அடுப்புக்கு அடியில் மீன் சுடும் சின்ன இழுப்பறை இருக்கும், மேலே மைக்ரோவேவ் இருக்கும். வான்கோழி நுழையும் ஓவன் அபூர்வம். கோழியை ஒன்பது துண்டாக வெட்டினால் தடிமன் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதியைத் தீர்த்தது அந்த யந்திரத்தின் மூடி.

அந்த மூடியின் கதை 1939-இல், கென்டக்கி மாநிலத்தின் கார்பின் ஊரில் தொடங்குகிறது. ஹார்லண்ட் சாண்டர்ஸ், அதாவது வாசலில் சிலையாக நிற்கும் அதே கர்னல், அங்கே பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கடையும் நடத்தினார். வண்டியை நிறுத்திச் சாப்பிட வருகிறவர்கள் அவசரக்காரர்கள். இரும்புச் சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரம். முன்கூட்டியே பொரித்து வைத்தால் ருசி போய்விடும், யாரும் வராவிட்டால் வீண். அப்போது சந்தைக்குப் புதிதாக வந்திருந்த பிரஷர் குக்கரை வாங்கினார். தண்ணீர் ஊற்றிக் காய்கறி வேகவைக்கச் செய்த பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றினார். பத்து நிமிடத்துக்குள் கோழி தயார். அவருடைய பதினொரு மசாலாக்களின் ரகசியம் பற்றி உலகமே பேசுகிறது. மசாலா இல்லாவிட்டாலும் அந்தக் கடை ஓடியிருக்கும், குக்கர் இல்லாவிட்டால் ஓடியிருக்காது என்பது என் கட்சி.

எண்ணெயில் என்ன நடக்கிறது? வடையைப் போட்டதும் சுற்றிலும் குமிழி பொங்குகிறதே, அது எண்ணெய் கொதிப்பது இல்லை. மாவிலிருக்கும் நீர் ஆவியாகி ஓடுகிறது. எண்ணெய் 170 டிகிரியில் இருந்தாலும் நீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும். ஈரம் இருக்கும்வரை கோழித் துண்டின் உட்பகுதி அந்த 100-ஐத் தாண்டாது. அதோடு ஆவியாவது செலவு பிடித்த காரியம். ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 420 ஜூல் போதும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். திறந்த சட்டியில் எண்ணெய் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு கறியை வேகவைக்காமல், கறியின் சாற்றைக் கூரைக்கு அனுப்புவதில் செலவாகிறது. இரட்டை நஷ்டம்.

இப்போது மூடியைப் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். கோழியிலிருந்து முதலில் வெளியேறும் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அதுவே உள்ளே அழுத்தமாகச் சேர்கிறது. இந்த யந்திரங்களில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 12 பிஎஸ்ஐ வரை கூடுதலாக ஏறும், அதாவது மொத்தத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் நீர் 117 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். இதனால் கறியிலிருக்கும் மீதி நீர் ஆவியாகாமல் அங்கேயே தங்குகிறது. தங்கினாலும் முன்பைவிடச் சூடாக இருப்பதால் நடுப்பகுதிக்கு வெப்பம் வேகமாக இறங்குகிறது. கோழி தன் சாற்றில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

எண்ணெய் குடிப்பதும் குறையும் என்று யந்திரம் செய்கிறவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பொரிந்த பண்டம் எண்ணெயைப் பெரும்பாலும் சட்டிக்குள் குடிப்பதில்லை, வெளியே எடுத்து ஆறும்போதுதான் குடிக்கிறது. நீர் விட்டுப்போன நுண்துளைகளில் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. நீர் குறைவாக வெளியேறினால் துளைகளும் குறைவு.

இதற்கு விலையும் உண்டு: மொறுமொறுப்பு. உள்ளே தங்கிய ஈரம் மேல்தோலை மென்மையாக்கிவிடும். கேஎஃப்சியின் பழைய ‘ஒரிஜினல்’ கோழி பூப்போல இருப்பதும், அமெரிக்காவில் அதே கடையின் ‘எக்ஸ்ட்ரா கிரிஸ்பி’ நொறுங்குவதும் இதனால்தான். முன்னது மூடிய யந்திரத்தில் பொரிவது, பின்னது திறந்த யந்திரத்தில். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் நான் நொறுங்குவதைத்தான் கேட்பேன். ஆனால் ரயிலில் முக்கால் மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுபோய் விருந்தாளிக்குப் பரிமாறும் கோழிக்கு மொறுமொறுப்பு எப்படியும் தங்காது. ஆரம்பத்திலேயே மென்மையாக இருப்பது இழப்பதற்கு ஒன்றுமில்லாமல், சாறோடு வந்து சேரும்.

சாண்டர்ஸ் பயன்படுத்தியது வீட்டுக் குக்கரின் உறவுதான், ஆபத்தும் அதிகம். கடைகளுக்கென்றே பிறகு தனி யந்திரங்கள் வந்தன. 1950-களில் ஃபீலன் என்பவரின் ‘ப்ரோஸ்டர்’ வந்தது; 1957-இல் ஒஹையோ மாநிலத்தில் செஸ்டர் வாக்னர் செய்த யந்திரத்திலிருந்து ‘ஹென்னி பென்னி’ நிறுவனம் பிறந்தது. எனக்கு மிகப் பிடித்தது லூயிவில் நகரத்து வின்ஸ்டன் ஷெல்டனின் ‘கலெக்ட்ராமேட்டிக்’. பொரிக்கும்போது உதிரும் மாவுத் தூள் அடியில் கருகினால் எண்ணெய் முழுவதும் கசந்துபோகும். ஷெல்டன் சட்டியின் அடியைக் குறுக்கி நீட்டி, வெப்பம் தரும் பகுதிக்குக் கீழே ஒரு குளிர்ந்த கிடங்கு அமைத்தார். சூடான எண்ணெய் மேலே நிற்கும், குளிர்ந்தது கீழே தங்கும். தூள் கீழே விழுந்து கருகாமல் கிடக்கும். வேலையாளுக்கு நாளெல்லாம் எண்ணெய் வடிகட்டும் பாடு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பார்க்க யாருக்காவது கை பரபரக்கலாம். வேண்டவே வேண்டாம். நம் குக்கரின் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் 120 டிகிரி நீராவியை நம்பிச் செய்தவை; 170 டிகிரி எண்ணெய்க்குக் கேஸ்கட் இளகும், வால்வு தன் வேலையைத் தப்பான நேரத்தில் செய்யும். ஆவி பீறிட்டால் கை சுடும். எண்ணெய் பீறிட்டு அடுப்புத் தீயில் பட்டால் சமையலறையே பற்றிக்கொள்ளும். கடை யந்திரத்தில் நேரம் முடிந்ததும் ஆவியைக் குழாய் வழியே வெளியேற்றி, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகே மூடி திறக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் 117 டிகிரியில் அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகி எண்ணெயை அள்ளி வீசும்.

சரி, ஒரு யந்திரம் டிசம்பர் 24 அன்று எத்தனை வீட்டுக்குச் சோறு போடும்? நடுத்தர யந்திரம் ஓர் ஈட்டுக்கு நான்கு கோழி பிடிக்கும். ஒன்பது துண்டு வீதம் 36. எண்ணெய் மீண்டும் சூடேறும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு நான்கு ஈடு என்று வைத்தால் 144 துண்டு. அண்மை ஆண்டுகளின் ‘பார்ட்டி பேரல்’ பெட்டியில் வழக்கமாக எட்டுத் துண்டுகள், கூடவே இறால் கிராட்டன், கேக். ஆக, மணிக்குப் பதினெட்டு வீடு. நான்கு யந்திரம் வைத்திருக்கும் கடைகூட மாலை ஐந்து முதல் எட்டு வரை இருநூற்றுச் சொச்சம் வீட்டைத்தான் சமாளிக்கும். நவம்பரில் முன்பதிவு தொடங்குவதற்கும், எந்த மணிக்கு வந்து வாங்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான். பதிவு செய்ய மறந்தவர்கள் தெருமுனைக் கன்வீனியன்ஸ் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பொரித்த கோழியை வாங்கிப் போவார்கள். கடையிலிருந்து வீடு இரண்டே நிமிடம் என்பதால் அவர்களுக்கு மட்டும் மொறுமொறுப்பு கிடைத்துவிடும்.