பைத்தனில் ஒரு டெஸ்க்டொப் செயலி: தமிழ் உடையாமல் இருக்க எதைத் தெரிவு செய்யலாம்?

இந்த வார எபிசோடில் பைத்தன் டெஸ்க்டொப் செயலிகளைப் பற்றிக் கதைச்சோம். மைக்குக்கு முன்னால எழுத்துகளைக் காட்ட முடியாதே, அதனால காதால கேட்டு விளங்காத பகுதிகளை இங்க எழுதுறன்.

ஒரு உதாரணத்தோடயே போவம். வால்தம்ஸ்டோவில ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று வையுங்கோ. வாடகை மண்டபம், வைஃபை இல்லை, ஒரு வின்டோஸ் லப்டொப். பிள்ளைகளின் வரவைப் பதிய ஒரு சின்னச் செயலி வேணும். அதை ஓட்டப் போறது நீங்கள் இல்லை, அங்க படிப்பிக்கிற ஒரு அன்ரி.

"இதை வெப்ல செய்யலாமே?" செய்யலாம். ஆனால் சேர்வருக்கு மாதா மாதம் ஆர் காசு கட்டுறது? பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை விவரம் எல்லாம் எங்க போய் இருக்கும்? எல்லாம் லப்டொப்பிலேயே ஒரு எஸ்கியூலைட் கோப்பில் இருந்தால் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வது சுகம். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யுங்கோ, ஒரு நகலும் எடுத்து வையுங்கோ. எஸ்கியூலைட் பைத்தனோடயே வருது.

சரி, திரையை எதால கட்டுறது?

முதல் சோதனை: "கொழும்பு"

கனபேர் தொடங்குவது டிகிண்டரில். பைத்தனோடயே வரும், பழகச் சுகம், செயலியும் சின்னதாக இருக்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் என்றால் அதுவே போதும். தமிழுக்கு வரேக்க ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேணும்.

"கொ" என்ற எழுத்தை கணினி இரண்டு குறியீடுகளாக வைத்திருக்கும்: ககரம் ஒன்று, "ொ" என்ற உயிர்க்குறி ஒன்று. திரையிலோ மூன்று துண்டுகள் தெரிய வேணும்: முன்னால கொம்பு, நடுவில க, பின்னால கால். நினைவகத்தில் இருப்பதை இப்படிப் பிரித்து, இடம் மாற்றி அடுக்கும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். இன்று பல இடங்களில் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். அதை முன்னெடுத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பாரசீகமும் அரபும் திரையில் ஒழுங்காத் தெரிய வேணும் என்று உழைத்தவர்களின் வேலையில்தான் எங்கட தமிழும் நிற்குது.

கியூட், ஜிடிகே இரண்டுமே ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துது. டிகிண்டருக்கு அடியில இருக்கிற டிகே 8.6, லினக்ஸில் குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துவிட்டுப் போகும். கொம்பு தப்பான பக்கத்தில் நிற்கும். வின்டோஸிலும் மேக்கிலும் இயங்குதளமே உதவுவதால் நிலைமை பரவாயில்லை. அதனால உங்கட லப்டொப்பில் நல்லாத் தெரியுது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதேங்கோ.

எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் பத்து நிமிடத்தில் இந்த நாலு சொல்லையும் ஒரு பெட்டியில் ஒட்டிப் பாருங்கோ: கொழும்பு, கௌசல்யா, ஸ்ரீதேவி, றஞ்சன். பிறகு கேர்சரை நடுவில் கொண்டுபோய் ஒரு எழுத்தை அழியுங்கோ. தெரிகிறது சரியாக இருந்தும் அழிக்கேக்க குழம்புகிற கருவிகளும் உண்டு.

இது எங்களுக்குப் புதுப் பிரச்சினை இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய "எழில்" என்ற தமிழ் நிரல்மொழி பைத்தனில் எழுதப்பட்டது. 2009இலேயே அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதற்கான "எழுதி" என்ற டெஸ்க்டொப் எடிட்டர் ஜிடிகேயில் கட்டப்பட்டது. தமிழில் நிரல் எழுதுகிற கருவியில் தமிழே உடைந்தால் எப்படி?

இரண்டாவது: உரிமம்

கியூட்டைப் பைத்தனில் பயன்படுத்த இரண்டு வழி. பைகியூட்டை வெளியிடுவது ரிவர்பேங்க் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அதன் உரிமம் ஜிபிஎல்: செயலியை மற்றவருக்குக் குடுத்தால் உங்கட கோடையும் அதே உரிமத்தில் குடுக்க வேணும், இல்லாவிட்டால் காசு கட்டி வணிக உரிமம் எடுக்க வேணும். பைசைட்டை 2009இல் நோக்கியா தொடங்கியது, இப்ப கியூட் நிறுவனமே பராமரிக்குது. அது எல்ஜிபிஎல், கோடை மூடியே வைத்திருக்கலாம். ஆனால் லைப்ரரி தொடர்பான நிபந்தனைகளை மதிக்க வேணும். எழுதும் முறை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாளைக்கு இதை இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு விற்கிற யோசனை வந்தாலும் வரும், அதனால பைசைட்6 பாதுகாப்பான தெரிவு. வின்டோஸ் 7 இருக்கிற பழைய லப்டொப்பில் மட்டும் அது ஓடாது.

மூன்றாவது: பைத்தனுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது

கருவி எதுவானாலும் வருகிற சிக்கல்கள் இவை. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தன் 5 என்று சொல்லும். நாங்கள் எண்ணினால் மூன்று எழுத்து. பைத்தன் எண்ணுவது குறியீடுகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஓப்பன் தமிழ் என்ற லைப்ரரி சொல்லை உண்மையான எழுத்துகளாகப் பிரித்துத் தரும்.

வரிசைப்படுத்துவது இன்னும் மோசம். ரமேஷ், லதா, வாணி, றஞ்சன் என்பதுதான் சரியான அகரவரிசை. பைத்தன் தருவது ரமேஷ், றஞ்சன், லதா, வாணி. யூனிகோட் அட்டவணையில் ற, ர-வுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த வினை. பதிவேட்டின் கடைசியில் றஞ்சனைத் தேடுகிற அன்ரி, பிள்ளையைச் சேர்க்கவே இல்லை என்று நினைப்பா. பைஐசியூ லைப்ரரியில் தமிழைத் தெரிவு செய்து வரிசைப்படுத்தினால் இது தீரும்.

மூன்றாவது பொறி கோப்பு எழுதேக்க. இலண்டனில் வாங்கிய வின்டோஸ் கணினியில், பைத்தன் 3.14 வரை, என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியைத்தான் எடுக்கும். முதல் தமிழ் எழுத்திலேயே செயலி விழும். எப்பவும் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கோ. எக்செல்லில் திறக்கப் போகிற சிஎஸ்வி என்றால் யூடிஎஃப்-8-சிக். அது கோப்பின் முன்னால ஒரு அடையாளம் வைக்கும், அதைப் பார்த்து எக்செல் தமிழைச் சரியா வாசிக்கும்.

கடைசியாக: அன்ரியின் லப்டொப்புக்கு எப்படிப் போகும்?

அவவிடம் பைத்தனை நிறுவச் சொல்ல முடியாது. பைஇன்ஸ்டோலர் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டித் தரும். வின்டோஸ் செயலியை வின்டோஸில்தான் கட்ட வேணும், மேக்கில் இருந்து முடியாது. ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு தடவையும் தன்னைத் தற்காலிக இடத்தில் விரித்துவிட்டுத்தான் தொடங்கும். அன்ரி "வேலை செய்யேல்லை" என்று நாலு தரம் கிளிக் பண்ணுவா. ஒரு ஃபோல்டராகக் கட்டி, ஷோர்ட்கட் வைத்துக் குடுங்கோ. பைசைட் செயலி டிகிண்டரை விடச் சில மடங்கு பெரிசு. எசென்ஷல்ஸ் தொகுப்பை மட்டும் நிறுவினால் கொஞ்சம் குறையும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் உள்ளேயே வையுங்கோ, அதன் உரிமம் இடம் தருது. கையொப்பமிடாத செயலியைப் பார்த்தால் வின்டோஸ் எச்சரிக்கை காட்டும். அதை முதல் நாளே பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துங்கோ.

என்ர தெரிவைக் கேட்டால்: பைசைட்6, எஸ்கியூலைட், பைஐசியூ, பைஇன்ஸ்டோலர். உங்களுக்கு மட்டும், ஆங்கிலத்தில், ஒரு மாலைக்குள் முடிக்கிற வேலை என்றால் டிகிண்டரே காணும்.

பெயர் என்பது ஒரு பிள்ளை முதலில் எழுதப் பழகிற சொல். அது திரையில் உடைந்து தெரிந்தால், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். நாங்கள் அரை நாள் கூடுதலாக மினக்கெட்டால் அது நடக்காது.

அடுத்த எபிசோடில் இதே செயலியை முதல் வரியில் இருந்து கட்டுவம். அதுக்குள்ள அந்த நாலு சொல்லையும் உங்கட கருவியில் ஒட்டிப் பார்த்து, என்ன தெரிந்தது என்று பதில் போடுங்கோ.