விமானம் ஏறுமுன் போட வேண்டிய கையெழுத்துகள்

ஆலங்குளம் என்றதும் பலருக்கும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை. 1970-ல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையும், சுற்றிலும் கரிசல் காடும், காட்டுக்குள் பட்டாசு ஆலைகளுமாக இருக்கும் ஊர். சிமெண்ட் ஆலை, பட்டாசு, அச்சகம், தீப்பெட்டி என்று ஏதோ ஒன்றில் சம்பாதித்து, பிள்ளையை மெப்கோவிலோ கலசலிங்கத்திலோ இன்ஜினியரிங் படிக்க வைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. படித்த பிள்ளை டெக்சாஸுக்கோ டொராண்டோவுக்கோ போய்ப் பத்து வருடம் ஆனதும், “போதும்ப்பா, வேலையை விட்டுட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க” என்று போன் வருகிறது. அறுபதுவரை காத்திராமல் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கிலேயே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

கம்பளி, சூட்கேஸ், மிளகாய்ப்பொடி இதையெல்லாம் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். நீங்களே நேரில் நின்றால்தான் நடக்கும் வேலைகள்தான் உண்மையான ஏற்பாடு: உங்கள் கையெழுத்து, உங்கள் கைரேகை, உங்கள் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. இங்கே இருந்தால் காலையில் பஸ் ஏறி மத்தியானம் முடித்துவிடுகிற காரியம். அங்கே போனபிறகு அதே கையெழுத்துக்குத் தூதரகத்தில் நேரம் வாங்க வேண்டும், மகன் லீவு போட வேண்டும், கூரியர் அனுப்ப வேண்டும். அதனால் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று குழம்பினால், எதற்கு நீங்கள் நேரில் வேண்டுமோ அதை முதலில் எடுங்கள்.

அதிகம் இழுப்பது பெயரும் ஊரும்தான். 1969-ல் இங்கே பிறந்தவரின் பள்ளிச் சான்றிதழில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும். 1985-ல் மாவட்டம் பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனது. 1997-ல் தலைவர்கள் பெயரை எடுத்தபோது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, வீட்டை விட்டு நகராத மனிதருக்குப் பள்ளிச் சான்றில் ஒரு மாவட்டம், தொண்ணூறுகளில் எழுதிய பத்திரத்தில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் மூன்றாவது. நமக்கு இது விளக்கமே தேவையில்லாத விஷயம். விசா அலுவலருக்கு இது மூன்று ஊர். போதாததற்கு, ஆலங்குளத்தின் ‘கு’வுக்கு ஆங்கிலத்தில் ஒரு சான்றில் ஜி, இன்னொன்றில் கே.

இனிஷியல் இதைவிடப் பெரிய தொல்லை. அப்பா பெயர் சீனிச்சாமி, உங்கள் பெயர் மாரியப்பன் என்றால், ஆதாரில் பெயருக்குப் பின்னால் எஸ், வங்கியில் பெயருக்கு முன்னால் எஸ், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. வெளிநாட்டுப் படிவம் எல்லாமே குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம் என்று கேட்கும். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் மூன்று எழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அங்கே ஒவ்வொரு அட்டையிலும் அதுதான் உங்கள் பெயர். எனவே பாஸ்போர்ட்டை முதலில் சரி செய்யுங்கள். இந்த மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். இனிஷியலை விரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்கிக்கொண்டு, அதில் உள்ள எழுத்துப்படியே பான், ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதற்கே ஆறு மாதம் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இந்தத் தலைமுறையில் ஏராளம். வீட்டில் பிரசவம், யாரும் போய்ப் பதியவில்லை. அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு இப்படிப்பட்டவர்களிடம், பிறப்பு பதிவாகவில்லை என்று பதிவு அதிகாரி தரும் சான்றையும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரத்தையும் கேட்பார்கள். அத்தையோ பெரியப்பாவோ நல்ல நினைவோடு இருக்கும்போதே அதை வாங்கி வைப்பது நல்லது. திருமணமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-ல்தான் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்கள் பத்திரிகையையும் ஆல்பத்தையும் தவிர வேறு எதுவும் வைத்திருப்பதில்லை. பழைய திருமணத்தை இந்துத் திருமணச் சட்டப்படி இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கணவன் மனைவி இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும்.

எந்த விசா என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருந்து, 21 வயதும் நிரம்பியிருந்தால்தான் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்க முடியும். அவரே கிரீன் கார்டில் இருந்தால் முடியாது. கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு நுழைவுக்கு ஐந்து ஆண்டுவரை தங்கலாம், ஆனால் அது குடியேற்றம் இல்லை. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் விசா வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எந்த நாடாக இருந்தாலும், வீட்டை விற்பதற்கு முன் ஒரு குளிர்காலம் பார்வையாளராகப் போய் இருந்து பாருங்கள். பஸ் இல்லாத, டீக்கடை இல்லாத, பகலில் வீட்டில் ஆளே இல்லாத ஊரில் ஜனவரி மாதத்தைத் தாங்க முடிகிறதா என்று விசா அலுவலகம் கேட்காது. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி நிலம். வெளிநாட்டில் குடியேறிய இந்தியர் இங்கே விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. இங்கே இருந்தபோது வாங்கியதையும், பூர்வீகமாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை வைத்துக்கொள்வதில் இல்லை. கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. நான்கு அண்ணன் தம்பிகள் பெயரில் ஒரே பட்டா, பாகப்பிரிவினை வாய்ச்சொல்லில், வரப்பை வைத்து அடையாளம். நீங்கள் போனபிறகு ஒருவர் காலமானால், அந்தப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதற்கு எல்லோர் கையெழுத்தும் தேவைப்படலாம். பாகப்பிரிவினையைப் பத்திரமாகப் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கி, ஒரு வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விற்க நினைத்திருக்கும் வீடோ மனையோ இருந்தால் இங்கே இருக்கும்போதே விற்பது லாபம். உள்ளூர்வாசி விற்றால் ஐம்பது லட்சத்துக்குக் கீழே வாங்குபவர் வரி எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுவாசி விற்றால் தொகை எவ்வளவு சிறியதானாலும் பிடிக்க வேண்டும். அதுவும் லாபத்தில் அல்ல, பெரும்பாலும் முழு விலையில். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் பாதி வாங்குபவர்கள் ஓடிவிடுவார்கள்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ எழுதும்போது ‘எல்லா அதிகாரமும்’ என்று எழுதாமல், எந்த சர்வே எண், என்ன வேலை என்று குறித்து எழுதுங்கள். பவர் ஏஜென்ட் உங்கள் சார்பில் கிரயம் செய்யும்போது, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்கு அண்மையில் வாங்கிய சான்றைப் பதிவு அலுவலகம் கேட்கும். அங்கிருந்தே பவர் எழுதி அனுப்புவதும் உண்டு. அதைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மூன்று மாதத்தைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் அதிகம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கையெழுத்து பட்டாசு ஆலை உரிமத்தில் இருக்கிறது. மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், வெடிபொருள் துறையின் சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று எதுவாக இருந்தாலும் அதில் உள்ள பெயர்தான் பொறுப்பாளி. ஆலையை மூட மனமில்லாமல், தெரிந்தவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனிடம் போய்விடுவது சிலருக்கு எளிய வழியாகப் படுகிறது. உரிமத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது. 2021 பிப்ரவரி 12-ல், இங்கிருந்து தொலைவில் இல்லாத அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்த வெடிவிபத்துக்குப் பிறகு, இந்த உள்குத்தகை வழக்கம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலர் கையில், யாருக்கும் முழுக் கணக்குத் தெரியாது. நீங்கள் நியூஜெர்சியில் பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் நேரத்தில் இங்கே ஏதாவது நடந்தால், முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயரும் இருக்கும். அதைவிட முக்கியம், அந்த அறைகளில் வேலை பார்ப்பவர்களைக் கண்காணிக்க ஆளே இல்லாமல் போவது. ஆலையைத் தொடர வேண்டும் என்றால் உரிமத்தை வழங்கிய அலுவலகத்திலேயே விண்ணப்பித்து முறைப்படி பெயர் மாற்றுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் இருப்பைத் தீர்த்து, உரிமத்தை ஒப்படைத்துவிடுங்கள். கூட்டாளியாக மட்டும் இருந்தவர்கள் விலகல் பத்திரம் எழுதி, ஜி.எஸ்.டி. பதிவிலிருந்தும் பெயரை எடுத்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம் புரிந்தால் போதும். நீங்கள் உள்ளூர்வாசியா வெளிநாட்டுவாசியா என்பதற்கு வங்கிக்கு ஒரு கணக்கு, வருமான வரிக்கு வேறு கணக்கு. எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாத நோக்கத்தோடு குடியேறப் போகிறவர், அன்னியச் செலாவணிச் சட்டப்படி போன நாளிலிருந்தே வெளிநாட்டுவாசி. சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியம், வாடகை, குத்தகைப் பணம் அதில் வரும். வருமான வரிக்கு நாள்தான் கணக்கு. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு 182 நாள் என்ற சலுகை உண்டு. ஓய்வு பெற்றுப் பிள்ளையிடம் போகிறவருக்கு, போகும் ஆண்டில் அது கிடையாது. அந்த நிதியாண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இங்கே இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் உள்ளூர்வாசிதான். ஜூலையில் போனவர் “நான் இப்போ என்.ஆர்.ஐ.” என்று வரிப் படிவத்தில் எழுதினால் தவறு.

என்.ஆர்.ஓ. வைப்புத்தொகை வட்டியில் முப்பது சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் தப்ப முடியாது. அந்தக் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர்வரை வெளியே அனுப்பலாம் என்பதால், எல்லாவற்றையும் அவசரமாக மாற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. பி.பி.எஃப். கணக்கு முதிர்வுவரை ஓடட்டும். அதற்குப் பின் நீட்டிக்க முடியாது. விருப்ப ஓய்வுத் தொகையில், சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட திட்டமாக இருந்தால், ஐந்து லட்சம்வரை வரி இல்லை. தொழிலாளர் பி.எஃப்.-ல் நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவதையே காரணமாகக் காட்டி முழுத் தொகையையும் எடுக்கலாம். அதிலுள்ள ஓய்வூதியத்தை மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டிக் கேட்காதீர்கள். பத்தாண்டு சேவை இருந்தால் 50 வயதிலிருந்தே கிடைக்கும்தான், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. கையில் வேறு பணம் இருப்பவர் 58 வரை பொறுக்கலாம்.

அமெரிக்கா போகிறவர்களிடம் யாரும் சொல்லாத ஒன்று: கிரீன் கார்டு வாங்கிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே வரும் வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் வரி இல்லாத கரிசல் காட்டு வருமானமும் அதில் சேரும். இங்குள்ள வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது பத்தாயிரம் டாலரைத் தாண்டினால், தனி அறிக்கையும் தர வேண்டும். ஓய்வுப் பணத்தை டெபாசிட் போட்ட எவரும் அதைத் தாண்டிவிடுவார். தவறவிட்டால் அபராதம் பெரிது. மகன் வரி தாக்கல் செய்யும் அதே ஆடிட்டரிடம் முதல் வருடமே சொல்லிவிடுங்கள்.

பென்ஷன்காரர்களுக்கு ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று வேண்டும். முகத்தைக் காட்டி செல்போனிலேயே கொடுக்கும் முறை வந்துவிட்டது. ஊரில் இருக்கும்போது ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். தூதரகத்தில் வாங்கி அனுப்பவும் வழி உண்டு. ஆதாரில் உள்ள செல்போன் எண் எதுவோ அந்த சிம்மை விடாதீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று முதல் பயணத்திலேயே பார்த்து, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். எண் செத்தால் வங்கி, பி.எஃப்., ஆதார் எல்லாமே ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும்.

பல், கண் புரை, முழங்கால் போன்ற வைத்தியத்தை மதுரையில் முடித்துக்கொண்டு போங்கள். அமெரிக்காவில் 65 வயதும் ஐந்தாண்டு தொடர்ந்த வசிப்பும் ஆகும்வரை மெடிகேர் கிடையாது. அதுவரை தனிக் காப்பீடுதான், பிரீமியமும் கடுமை. இங்குள்ள மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்தாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும்.

மீதியெல்லாம் ஒரு வாரத்து வேலை. ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், கேஸ் இணைப்பை ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது, கரண்ட் பில்லுக்கு வங்கியில் ஏற்பாடு, லாக்கர் வாடகை. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர்வரை நியமனம் செய்யலாம். உயிலையும் எழுதிப் பதிந்துவிடுங்கள். அம்மாவின் நகைகளை எடுத்துப்போவதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பக் கொண்டுவரும்போது வாக்குவாதம் மிச்சம். பேரனுக்கென்று கம்பி மத்தாப்புப் பெட்டியை மட்டும் சூட்கேஸில் வைக்காதீர்கள். கைப்பையிலும் கூடாது, உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. அங்கே ஜூலை 4-ஐ ஒட்டிக் கடைகளில் கிடைக்கும், மாநிலச் சட்டம் அனுமதித்தால். அநேகமாகச் சீனாவில் செய்ததாகத்தான் இருக்கும்.