சிவப்புக் காலுறைக்காரர்கள்

விளையாடுவதற்குக் கூலி வாங்குவது கண்ணியத்துக்கு இழுக்கு என்று அமெரிக்க ஜனங்கள் மனப்பூர்வமாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைக் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் சங்கம் அமைத்து, தேகாப்பியாசமாகவும் சிநேக உபசாரமாகவுமே ஆடிவந்தார்கள். ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாகாது என்பது அவர்களுடைய தேசிய சங்கத்தின் விதி. ஆயினும் சாமர்த்தியசாலி ஒருவனைத் தம் பக்கம் இழுக்க விரும்பிய சங்கங்கள், பெயருக்கு ஓர் உத்தியோகத்தைக் காட்டி ரகசியமாகச் சம்பளம் அளந்துவந்தன. இந்தப் பாசாங்கு முற்றிப்போகவே, 1869-ஆம் ஆண்டுப் பருவம் முதல் வெளிப்படையாகவே சம்பளம் கொடுக்கலாம் என்று தேசிய சங்கம் இசைந்தது.

அந்த அனுமதியை முழுமனத்தோடு பயன்படுத்தியது ஓஹியோ நதிக்கரையிலுள்ள சின்சினாட்டி நகரத்துச் சங்கம். அதன் தலைவர் ஆரன் சாம்பியன் என்ற வக்கீல். குழுவின் நாயகர் ஹாரி ரைட். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பிறந்து, கிரிக்கெட் ஆட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட தந்தையிடம் வளர்ந்த ஹாரி, சின்சினாட்டிக்கு வந்ததும் சம்பளத்துக்குக் கிரிக்கெட் கற்பிக்கத்தான். கற்ற வித்தைக்குக் கூலி பெறுவதில் வெட்கமில்லை என்ற தெளிவு அவருக்கு வீட்டிலேயே கிட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மார்ச் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்துக்குப் பத்துப் பேருக்கு 9,300 டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. ஹாரியின் தம்பி ஜார்ஜுக்கு 1,400, ஹாரிக்கு 1,200, பந்து வீசும் ஏசா பிரெய்னார்டுக்கு 1,100. அவர்களில் ஒருவர் தொப்பி செய்பவர், ஒருவர் பியானோ செய்பவர், ஒருவர் கணக்கெழுதுபவர். பத்துப் பேரில் சின்சினாட்டியிலேயே பிறந்தவர் முதல் தளத்தைக் காத்த சார்லி கூல்டு ஒருவர்தான். முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும், அதன்கீழ் எல்லோர் கண்ணையும் பறிக்கும் சிவப்புக் காலுறையும் அவர்களுடைய உடை.

அந்நாளைய ஆட்டத்தை இன்றைய ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. பந்து வீசுபவர் 45 அடி தூரத்தில் நின்று, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் கீழ்வாக்காகவே வீச வேண்டும்; வேகமாக அடிபட்டு வரும் பந்தை மற்றவர்கள் உறையின்றி வெறுங்கையால் பிடிக்க வேண்டும். ஆகவே ஒரே ஆட்டத்தில் ஐம்பது அறுபது ஓட்டங்கள் குவிவதும் உண்டு. இந்த நிலையில் ஹாரி ரைட், ஒருவர் பந்தை நோக்கி ஓடினால் மற்றொருவர் அவருக்குப் பின்னே துணையாக ஓட வேண்டும் என்றும், உயரே எழும் பந்தை யார் பிடிப்பது என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் தினந்தோறும் பயிற்றினார். அவர்களை வெல்லவொண்ணாதவர்கள் ஆக்கியது அந்தச் சிரத்தையே என்பது என் துணிபு.

ஜூன் 15-ஆம் தேதி, பெரும்புகழ் வாய்ந்த நியூயார்க் மியூச்சுவல் குழுவை, அக்காலத்தில் கேள்விப்படாத சிறு எண்ணிக்கையான 4-க்கு 2 என்று வென்றபோது, ஊரில் தந்திச் செய்திக்காகக் காத்து நின்ற கூட்டம் ஆரவாரித்தது. வாஷிங்டனில் ஜனாதிபதி கிராண்ட் அவர்களை வரவேற்றார். ஆகஸ்டு 26-இல் டிராய் நகரத்து ஹேமேக்கர்ஸ் குழு, எண்ணிக்கை 17-க்கு 17 ஆக இருந்தபோது ஒரு தீர்ப்பை மறுத்து மைதானத்தை விட்டு வெளியேறியது. பந்தயம் கட்டியவர்களின் பணத்தைக் காக்கவே அப்படிச் செய்தார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் கண்டத்தின் குறுக்கே இணைந்த இருப்புப் பாதையில், செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ வரை பிரயாணம் செய்து அங்கும் வென்றார்கள். சங்கங்களோடு ஆடிய ஆட்டங்களில் வெற்றி 57. தோல்வி ஒன்றுகூட இல்லை.

பருவ முடிவில் கணக்குப் பார்த்தபோது வரவு 29,726 டாலர் 26 சென்ட். செலவு போக எஞ்சியது 1 டாலர் 39 சென்ட். மறு ஆண்டு ஜூன் 14-இல், புரூக்ளினில் அட்லாண்டிக் குழுவிடம் பதினொரு சுற்று ஆடி, 8-க்கு 7 என்று முதன்முறையாகத் தோற்றார்கள். அதன்பின் கூட்டம் குறைந்தது. இனிச் சம்பளம் கொடுப்பதற்கில்லை என்று சங்கம் கைவிரித்துவிட்டது. 1871-இல் முதல் தொழில்முறை லீக் தொடங்கியபோது அதில் சின்சினாட்டி இல்லை. ஹாரியும் ஜார்ஜும் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சிவப்புக் காலுறை என்ற பெயரும் அவர்களோடு போயிற்று.